ஒன்பது சாக்கு

2024 ஜூலை 10, புதன்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். சர்க்கரை மாத்திரை, சர்க்கரை போடாத காபி அரை டம்ளர், மாடியில் அரை மணி நேரம் நடை. இரண்டு இட்லி, தக்காளிச் சட்னி, ஒரு கிண்ணம் பயறுச் சுண்டல். சாப்பிட்டதை நாட்குறிப்பில் எழுதிவிட்டு, முந்தின நாளே தேய்த்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். பல ஆண்டுகளாக என் காலைகள் இப்படித்தான். சுண்டலும் நடையும் மட்டும் அந்த ஏப்ரலில் சேர்ந்தவை.

அன்று மதியம் பெரம்பலூரில் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தது. உடல் எடையைக் குறைக்க வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய நாள். வேண்டாம் என்று சொல்லத்தான் கிளம்பினேன். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை.

அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் எடை மேடைக்கு நான் பொறுப்பாளர். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் எங்கள் மேடையில் ஏறி இறங்கும். முதலில் வெற்று வண்டியின் எடை, பிறகு லோடோடு எடை. கழித்தால் வருவது கல். வெற்று வண்டி மேடை ஏறும்போது ஸ்டெப்னி டயரையும் தண்ணீர் டிரம்மையும் சாலையோரம் இறக்கி வைத்துவிட்டு வரும் டிரைவர்கள் உண்டு. லோடோடு திரும்பும்போது இரண்டும் வண்டியில் இருக்கும். டயரும் தண்ணீரும் கல்லாகக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு வண்டியையும் ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் நான் சீட்டு அடிப்பதில்லை. அந்தச் சுற்றுதான் கடந்த இரண்டு வருடங்களாக எனக்குச் சிரமமாகிவிட்டது. முழங்கால் இரண்டும் வலிக்கும், மேல்மூச்சு வாங்கும்.

"சார், நீங்க ஆபீஸ் உள்ளாரயே இருங்க. நீங்க மேடைகிட்ட வந்தா எனக்கு ஓவர்லோடுன்னு ஃபைன் போட்டுருவாங்க" என்று ஒரு டிரைவர் அன்றைக்கும் கத்தினார்.

"அப்ப டிரம்மை எறக்காம வாய்யா, நான் வரல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும் மனநிலையில்தான் இருந்தேன். கணக்குப்படி நான் பத்து கிலோ இளைத்திருந்தேன்.

ஏப்ரல் தொடக்கத்தில் அந்த மருத்துவரை முதலில் பார்த்தபோது என் எடை நூற்று இருபத்தொன்பது கிலோ. வயது நாற்பத்தொன்பது, உயரம் ஐந்தடி ஆறங்குலம். சர்க்கரைக்கு மூன்று மாத்திரை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று பரிசோதனை சொல்லியிருந்தது. மருத்துவர் திருச்சியிலிருந்து வாரம் ஒரு நாள் பெரம்பலூர் வரும் பெண்மணி. வயிற்றின் பெரும்பகுதியை நீக்கிவிட்டு ஒரு வாழைப்பழ அளவுக்குக் குழாய்போல் விட்டுவிடுவார்கள் என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். பிறகு அந்தத் தாளை ஓரமாக ஒதுக்கிவிட்டு இப்படிச் சொன்னார்:

"இப்ப இது வேணாம் சார். மூணு மாசம் நாங்க குடுக்கிற உணவு முறையை ஒழுங்காப் பாருங்க. எடை நல்லா எறங்குச்சுன்னா அந்த வழியிலேயே போயிரலாம். நீங்க ஒழுங்கா இருந்தும் எறங்கலைன்னா, அது உங்க தப்பு இல்ல. உங்க உடம்புக்கு அந்த வழி போதலன்னு அர்த்தம். அப்ப ஆபரேஷனைப் பத்திப் பேசலாம்."

எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. தெளிவான நிபந்தனை, தெளிவான கெடு. நான் ஒழுங்காக இருப்பேன் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

எடை பார்ப்பதுதான் சிக்கலாக இருந்தது. வீட்டில் இருக்கும் கண்ணாடி எடை எந்திரம் நூறு கிலோவைத் தாண்டினால் பிழை என்று காட்டி அணைந்துவிடும். எங்கள் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். அரியலூர் கடைத்தெருவில் அரிசி மூட்டைத் தராசில் ஏறி நிற்க எனக்கு மனமில்லை. மாதம் ஒரு ஞாயிறு மனைவியின் பிறந்த வீட்டுக்கு ஆண்டிமடம் போவோம். அங்கே அவள் தம்பிக்கு முந்திரி வியாபாரம். வீட்டை ஒட்டிய கிடங்கில் மூட்டை நிறுக்கும் பெரிய எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. அதில் பார்த்துக்கொள்வதென்று வைத்துக்கொண்டேன்.

சித்திரை முதல் நாள் அங்கே போனபோது, பாயசத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தராசில் ஏறினேன். அரைக் கிலோ குறைந்திருந்தது. பத்து நாளுக்கு மேல் பசியோடு இருந்ததற்கு அரைக் கிலோ. "இது ஆவாது. கடைசியில ஆபரேஷன்தான்" என்று வீடு திரும்பும் வழியில் மனைவியிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே மாதம் நூற்று இருபத்துநான்கு. ஜூனில் நூற்றுப் பத்தொன்பது சொச்சம். அன்று மச்சான் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"மாமா, இப்படியே போனீங்கன்னா பொங்கலுக்கு உங்களுக்குப் பொண்ணு பாக்கலாம்."

"உங்கக்காகிட்ட மொதல்ல கேளுடா மாப்ள" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதையும் நான் கவனித்திருக்க வேண்டும்.

கவனிக்க வேறு சிலவும் இருந்தன. பெல்ட் அதே ஓட்டையில்தான் நின்றது. சட்டைப் பொத்தான்கள் அதே இடத்தில் இழுத்துக்கொண்டிருந்தன. ஜூலையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பேருக்குத்தான் இறங்கியிருந்தது. பெல்ட் தோல் இறுகியிருக்கும், சட்டை துவைத்துச் சுருங்கியிருக்கும், சர்க்கரை மெதுவாகத்தான் இறங்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். தராசை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை. தராசைச் சந்தேகிக்க எனக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள்.

மதியம் அரை நாள் விடுப்பு. மனைவியும் நானும் அரியலூர் பஸ் நிலையத்தில் பெரம்பலூர் பஸ் ஏறினோம். மூன்று பேர் சீட்டில் நாங்கள் இருவர் உட்கார்ந்தால் சீட்டு நிறைந்துவிடும். அவளுடைய கைப்பை மடியில் இருந்தது. அதன் வாரை முறுக்குவதும் பிரிப்பதுமாகவே வந்தாள்.

மருத்துவமனையில் முதலில் எடை. நர்ஸ் படித்தார்: "நூத்தி இருபத்தாறு புள்ளி நாலு."

"சிஸ்டர், மெஷினை ஒரு தடவை ஜீரோ பண்ணுங்க."

பண்ணினார். அதே எண். செல்போன், சாவி, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். சில நூறு கிராம் குறைந்ததே தவிர வேறு மாற்றம் இல்லை.

"இந்த மெஷின் ஏழு கிலோ கூடக் காட்டுதுங்க."

"காலையிலேருந்து எத்தனையோ பேரு ஏறி எறங்கிட்டாங்க. மெஷின் மேல மொதல் ஆளா கேஸ் போடுறது நீங்கதான் சார்."

"நான் எடை மேடையில இருக்கேன் சிஸ்டர். பதினஞ்சு வருசமா லாரி நிறுக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"அப்ப வெளிய போயி ஒரு லாரியக் கூட்டிட்டு வாங்க சார், ஏத்திப் பாத்துருவோம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் இறங்காமல் நின்றேன். அப்போதுதான் மனைவி பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"ஏங்க, எறங்குங்க. மெஷின் சரியாத்தான் இருக்கு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எறங்குங்க, சொல்றேன்."

நடைபாதைக் கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் என் பெல்ட்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"ஆண்டிமடத்துல தராசு மேல சாக்கு கெடக்குமே."

"ஆமா."

"அதான்."

அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கே எல்லாம் தெரிந்துவிட்டது. முந்திரி மூட்டை நிறுக்கும்போது சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும். அதற்காகக் காலிச் சாக்கைத் தராசில் போட்டுப் பொத்தானை அழுத்தி எண்ணைப் பூஜ்யமாக்குவது அந்த வியாபாரத்தில் வழக்கம். நான் போகும்போதெல்லாம் தராசின் மேல் மடித்த சாக்குகள் கிடக்கும், எண் பூஜ்யம் காட்டும். நான் குனிந்து செருப்பைக் கழற்றுவேன். குனிந்து நிமிர எனக்கு நேரமாகும். அதற்குள் மச்சான், "சாக்குல கால் வழுக்கும் மாமா" என்று சாக்குகளை இழுத்து ஓரமாகப் போட்டுவிடுவான். நான் ஏறுவேன். தராசு என் எடையிலிருந்து சாக்குகளின் எடையைக் கழித்துக்கொண்டு மீதியைக் காட்டும். லாரிக்காரர்கள் டிரம்மை இறக்கிச் செய்வதை, என் வீட்டுக்காரர்கள் சாக்கை இறக்கிச் செய்திருந்தார்கள். பூஜ்யத்தைப் பார்த்தேன், பூஜ்யமாக இருந்தபோது தராசின் மேல் என்ன கிடந்தது என்று யோசிக்கவில்லை.

"யார் யோசனை?"

"என்னோடதுதான். அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் அழுது செய்ய வச்சேன்."

"ஏன்?"

"எடை கொறையுதுன்னா ஆபரேஷன் வேணாம்பீங்கல்ல." பெல்ட்டை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள். "எங்கப்பா குடலிறக்கத்துக்குத்தான் போனாரு. நடந்து போனாரு. மூணாம் நாளு தூக்கிட்டு வந்தோம். அப்ப தம்பிக்கு மீசை கூட மொளைக்கல."

அந்தச் சாவு எங்கள் திருமணத்துக்கு முன் நடந்தது. நடந்தது என்று எனக்குத் தெரியும். இருபத்துநான்கு வருடங்களில் அவள் அதைப் பற்றி என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை.

கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்று மாதம் நான் தின்ற சுண்டலுக்கெல்லாம் சேர்த்து வந்தது. ஆனால் ஒரு விஷயம் அந்தக் கோபத்தைவிடப் பெரிதாக எதிரே நின்றது. உணவு முறையில் நான் ஒரு நாள்கூடத் தவறவில்லை. கெடா வெட்டுக்குப் போய் மோர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். அப்படி இருந்தும் உண்மையில் இறங்கியது மூன்று கிலோ கூட இல்லை. மருத்துவர் சொன்ன நிபந்தனையில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதில் இப்போது குழப்பம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல நான் கொண்டுவந்திருந்த காரணம் அந்த பெஞ்சிலேயே முடிந்துபோனது.

"உள்ள வா" என்றேன். "ஒன் பயத்தை என்கிட்டச் சொன்னா எனக்குப் பதில் தெரியாது. டாக்டர்கிட்டக் கேளு."

"நான் என்னத்தக் கேக்கறது? இங்கிலீஷ்ல பேசுவாங்க."

"அவங்க நம்மூரு மாதிரிதான் பேசுறாங்க. வா."

மருத்துவர் சாக்குக் கதையைக் கேட்டு முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அப்பாவுக்கு நடந்ததை எல்லாம் சொன்னாள். கடைசியில் நான் எதிர்பார்க்காததைக் கேட்டாள்.

"இவருக்கு அப்படி ஒண்ணும் ஆவாதுன்னு எழுதித் தருவீங்களா டாக்டரம்மா?"

"தரமாட்டேம்மா. யாராவது அப்படி எழுதித் தந்தாங்கன்னா அவங்ககிட்ட ஆபரேஷன் செஞ்சுக்காதீங்க." மருத்துவர் நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார். "தையல்ல கசிவு வரலாம். காலுல ரத்தம் கட்டலாம். அபூர்வம்தான், ஆனா வரலாம். அதுக்குத்தான் ஊசி போடுவோம், ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே எழுப்பி நடக்க விடுவோம். இதயம், நுரையீரல் எல்லாம் முன்னாடியே பாத்துருவோம். செய்யறதுல ஆபத்து இருக்கு. செய்யாம இருக்கறதுல இல்லையா? இவருக்குத் தூக்கத்துல மூச்சு நிக்குது, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன?" என்றாள் மனைவி. "நான்தானே தட்டுறேன்."

"என்ன தட்டுறீங்க?"

"மூச்சுச் சத்தம் நிக்கும். எனக்கு முழிப்பு வந்துரும். தோள்ல தட்டுவேன். ஒரு உறுமல் உறுமிட்டு மறுபடி மூச்சு விடுவாரு. ரெண்டு வருசமாத் தெனம் இதான். ஊருக்குப் போனாகூட அங்க இவரு தனியாக் கெடப்பாரேன்னு அன்னைக்கே திரும்பிருவேன்."

இது எனக்குத் தெரியாது. மனைவி ஏன் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ராத்திரி தங்காமல் கிளம்பிவிடுகிறாள் என்று நான் பல தடவை அலுத்துக்கொண்டதுண்டு. ஒரு பாதுகாப்பு எந்திரத்தைப் போல அவள் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறாள். எந்திரம் தூங்காது, சரி. இவள் எப்போது தூங்கினாள்?

மருத்துவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க ரெண்டு வருசமா ஒரு ஆபத்தைக் கையால தள்ளி வச்சுக்கிட்டே இருக்கீங்க" என்றார். "காலம் பூரா முடியாதும்மா அது."

பிறகு நான் என் கேள்விகளைக் கேட்டேன். வரிசையாக எழுதிக்கொண்டு போகவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தானே போயிருந்தேன். வாழ்நாள் முழுக்க விட்டமின் மாத்திரை, சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, எதையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும் என்றார். சர்க்கரை மாத்திரைகள் குறையலாம், நின்றும் போகலாம், உறுதி இல்லை. பழைய பழக்கம் திரும்பினால் எடையும் திரும்பும்.

"கறிக்குழம்பு?"

"சாப்பிடலாம். ஒரு கைப்பிடி சோறு, ரெண்டு துண்டு. நல்லா மெல்லணும்."

"இவரா? மெல்லுறதா?" என்றாள் மனைவி. "கோழியக் குடுத்தா இவரு வாய்க்குள்ள எலும்பு மட்டுந்தான் நிக்கும்."

அடுத்த மாத அறுவைக்கு இடம் வேண்டுமென்றால் மறுநாள் காலை பத்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார் மருத்துவர். ஈரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் முன்பிருந்தே திரவ உணவு தொடங்க வேண்டுமாம். "இங்கயே சொல்லணும்னு இல்ல. வூட்டுக்குப் போயி ரெண்டு பேரும் பேசுங்க. ஆனா இந்தத் தடவை தராசை நடுவுல விடாதீங்க."

திரும்பும் பஸ்ஸில் மச்சானுக்குப் போன் போட்டேன். அவன் அக்கா முந்திக்கொண்டு செய்தி அனுப்பியிருந்தாள் போல. எடுத்ததும் குரல் இறங்கியிருந்தது.

"சொல்லுங்க மாமா."

"போன மாசம் எத்தனை சாக்கு?"

"ஒம்போது மாமா."

"எட்டுன்னு நெனச்சேன். ஒம்போதுன்னாலும் கணக்கு ஒரு அரைக் கிலோ இடிக்குதே."

"ஒண்ணு நனஞ்சிருந்துச்சு மாமா, அன்னைக்கு மழை."

"அப்ப சரி."

"மாமா, கோவமா?"

"லாரிக்காரன் எவனும் செய்யாத வேலையை நீ செஞ்சிருக்க. இத மட்டும் எங்க மேடைப் பக்கம் வந்து சொல்லிராத, எனக்கு வேலை போயிரும்."

அவன் சிரித்தான். உடனே அழுதுவிட்டான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் போனை மனைவியிடம் கொடுக்கச் சொன்னான். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ம்… ம்… அதெல்லாம் நான் கேட்டுட்டேன்… அன்னைக்கே நடக்க விடுவாங்களாம்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பெரம்பலூரில் அவளுக்குச் சொல்லப்பட்டதை எல்லாம் அவனுக்குச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் மருத்துவர் குரல் போலவே ஆகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு அடுப்படியில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் சேமியா உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள். நான் முடிவு செய்துவிட்டேன் என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். கோபத்தில் செய்யவில்லை, எவனும் கேலி செய்ததற்காகவும் செய்யவில்லை. சொன்ன வழியில் ஒழுங்காக நடந்து பார்த்தாகிவிட்டது, அந்த வழி எனக்குப் போதவில்லை. வயிற்றில் கத்தி வைப்பது எனக்கும் பயம்தான். ஆனால் அந்தப் பயத்தை மூன்று மாதம் சாக்குக்குப் பின்னால் வைத்துப் பார்த்துவிட்டோம், அது இளைக்கவில்லை.

அவள் உப்புமாவைத் தட்டில் வைத்தாள். வழக்கமாக வைப்பதில் பாதி.

"இதுவே இனிமே உங்களுக்கு அதிகமாமே."

"அடுத்த மாசத்துக்கு அப்புறம்தான். இன்னைக்கு ஒழுங்கா வையி."

இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். "ஆஸ்பத்திரியில என்னை உள்ள இருக்க விடுவாங்களா? எங்கப்பாகிட்ட யாரையும் விடல."

"கேட்டுரலாம்."

"நீங்க கேக்காதீங்க. நீங்க மெஷினோட சண்டை போடுவீங்க. நானே கேக்கறேன்."

ஜூலை 11, வியாழக்கிழமை. எழுந்ததும் நடைக்குப் போகவில்லை, காபியும் குடிக்கவில்லை. முதல் வேலையாக மருத்துவமனையில் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். அவ்வளவு காலையில் யாரும் எடுக்கமாட்டார்கள் என்று மனைவி சொன்னாள். இரவுப் பணியிலிருந்த பெண் எடுத்துவிட்டார். சம்மதம் என்றேன். பெயரையும் எடையையும் கேட்டார். நூற்று இருபத்தாறு புள்ளி நான்கு என்று சொல்லிவிட்டுப் போனை மனைவியிடம் நீட்டினேன். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, "ஏம்மா, கூட இருக்கறவங்களுக்குப் படுக்க எடம் உண்டா?" என்று ஆரம்பித்தாள்.